சேத்துப்பட்டுச் சோதனை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் உங்களுள் பலர் பயணம் செய்திருப்பீர்கள். அந்த வழியில் சேத்துப்பட்டு என்று ஒரு நிலையம் உண்டு. தாம்பரத்துக்கு முந்தின நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். மருத்துவ வரலாற்றில் இவ்விரண்டு பெயர்களுக்கும் உள்ள இடத்தை அந்த ரயிலில் செல்வோர் அதிகம் பேர் அறியார். ஏழையின் குடிசையில் வைத்து ஒரு கொடிய நோயைக் குணப்படுத்த முடியுமா, அல்லது அதற்கென்று கட்டிய பெரிய மனைகளில்தான் முடியுமா என்னும் கேள்விக்கு, 1956 இல் தொடங்கி மூன்றே ஆண்டுகளில், சேத்துப்பட்டில் விடை கிடைத்தது. அந்த விடையை உலகமே கேட்டுக்கொண்டது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசக் கருதுகிறேன்.

நோய் எதுவென்று ஊகித்திருப்பீர்கள். நம்மவர் அதற்கு இட்ட பெயர்கள் பல. காசம் என்றால் இருமல், ஆகவே காசநோய். க்ஷயம் என்றால் தேய்வு, ஆகவே க்ஷயரோகம். எலும்புருக்கி என்று சொன்னவர்கள் நோயாளியின் உருவத்தைக் கண்ணால் கண்டு சொன்னவர்கள். ஒரு பெயர் நோய் பரவும் வழியைக் காட்டுகிறது. மற்ற இரண்டும் நோய் உடம்பைத் தின்னும் விதத்தைக் காட்டுகின்றன. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது நமக்குப் பயன்படும்.

1882 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் நாள், ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்நோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டுவிட்டதாக பெர்லின் நகரில் அறிவித்தார். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளின் வழியே கிருமி பிறர் நுரையீரலை அடைகிறது. காரணம் தெரிந்துவிட்டது; மருந்து தெரியவில்லை. அதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மருந்தில்லாத அந்தக் காலத்தில் மருத்துவர்கள் நம்பியவை மூன்று: தூய காற்று, முழு ஓய்வு, நல்ல உணவு. இம்மூன்றையும் ஒருங்கே தருவதற்காக ஊருக்கு வெளியே, மரம் செடிகளுக்கு நடுவில் எழுப்பப்பட்ட இல்லங்களே சானடோரியங்கள். நம் பக்கத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915 இல் ஒன்று திறக்கப்பட்டது. தாம்பரத்தில் 1928 இல் ஒன்றை நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அதனை 1937 இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

இந்த சௌரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917 இல் அங்கே சேர்க்கப்பட்ட நோயாளிகளுள் ஒருவர் நம் கணித மேதை இராமானுஜன். இராமானுஜன் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரலில் உயிர் நீத்த இடம் எது தெரியுமா? இதே சேத்துப்பட்டுத்தான். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஐயம் எழுப்பியிருக்கின்றனர். அன்றைய மருத்துவர்கள் அவ்வாறே கருதினர் என்பதை மட்டும் நாம் கொள்ளலாம். சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனைப் பற்றி அத்தகைய ஐயம் எதுவும் இல்லை. 1948 ஜூன் 30 இல், 42 வயதில், அவர் காசநோய்க்கு இரையானார். முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

சானடோரியத்தில் இடம் பெற்றவர் யார்? இந்தக் கேள்வியைச் சரித்திர மாணவர்கள் எப்போதும் கேட்டுப் பழக வேண்டும். நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். போதாக்குறைக்கு, இது நெருக்கடி மிகுந்த நகரங்களின் நோய் என்று எண்ணியிருந்தவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. 1955 முதல் 1958 வரை நாட்டின் பல பகுதிகளில் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமங்களிலும் நோய் நகரங்களுக்குக் குறையாமல் பரவியிருப்பது வெளிப்பட்டது. அத்தனை பேருக்கும் படுக்கை போடுவதென்றால் எந்தக் கஜானாவும் தாங்காது. அப்படியே படுக்கை கிடைத்தாலும், ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி ஓராண்டுக் காலம் ஓய்வெடுத்துக்கொண்டால் அவன் பிள்ளைகள் எதைத் தின்பது? செல்வனுக்கு ஓய்வு மருந்து. கூலிக்காரனுக்கு அது பட்டினி. இதை எந்தப் பொருளாதார நூலையும் படிக்காமலே அவன் மனைவி அறிவாள்.

ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பின் பாஸ் என்னும் மருந்து வந்தது. 1952 இல் ஐசோனியாசிட் வந்தது. முந்தியது ஊசி, பிந்திய இரண்டும் வாய்வழி உட்கொள்ளக்கூடியவை. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகித் தப்பித்துக்கொள்ளும். இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் தப்புவது அரிது என்பதும் தெரியவந்தது. அப்படியானால் வாயால் விழுங்கும் மருந்தை விழுங்குவதற்குச் சானடோரியம் எதற்கு?

இன்று இக்கேள்வி எளிதாகத் தோன்றும். அன்று அப்படியில்லை. தகுதி வாய்ந்த மருத்துவர்களே மூன்று தடைகளைக் கூறினர். ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் உறங்கும் வீட்டில் நோயாளியை வைத்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்பது ஒன்று. கஞ்சிக்கே வழியில்லாதவனுக்கு மருந்து மட்டும் என்ன செய்யும் என்பது இன்னொன்று. எழுத்தறியாத மக்கள் மாதக்கணக்கில் மருந்தைத் தவறாமல் உண்ணமாட்டார்கள் என்பது மற்றொன்று. முதல் இரண்டும் அக்கறையில் பிறந்த ஐயங்கள். மூன்றாவதில் அக்கறையோடு சிறிது அலட்சியமும் கலந்திருந்தது என்பது என் எண்ணம்.

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்து 1956 இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இராமகிருஷ்ணன், ராதாகிருஷ்ணா, தேவதத்தா, வேலு முதலான நம் நாட்டு மருத்துவர்களும் புள்ளியியலாரும் அவரோடு உழைத்தனர். அவர்கள் பெயர்கள் அந்நாளைய ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பில் வரிசையாக நிற்கின்றன.

சோதனையின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். அதன் வலிமை அதில்தான் இருக்கிறது. சளியில் கிருமி காணப்பட்ட 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் நகரத்தின் ஏழைகள். இவர்களுள் யாரை வீட்டில் வைத்துப் பார்ப்பது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது? மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால் என்ன ஆகும்? நோய் முற்றியவரைப் பார்த்து மனம் இரங்கிச் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். திடமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார். பிறகு வீட்டார் நன்றாகத் தேறினால், அது வீட்டின் பெருமையா, அவர்கள் நோயின் எளிமையா என்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ஒப்பான முறையில் நோயாளிகள் பிரிக்கப்பட்டனர். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட்டும் பாஸும். இரு சாராருக்கும் ஒரே காலம்: ஓராண்டு. வேறுபாடு இடத்தில் மட்டும்.

இடத்தில் மட்டும் என்று சொன்னேனே, அந்த வேறுபாடு எவ்வளவு பெரிது! சானடோரியத்தில் காற்றோட்டமான கூடம், படுக்கை, வேளாவேளைக்குச் சத்தான உணவு, தாதியர் கவனிப்பு. வீட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நோயாளி வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றார். பாஸ் மருந்தை நிறைய உட்கொள்ள வேண்டும். அது வயிற்றைப் புரட்டும். உடம்பு கொஞ்சம் தேறியதும் பலர் வேலைக்குப் போகத் தொடங்கினர். பெண்கள் தண்ணீர் சுமந்தனர், சமைத்தனர். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து விசாரித்தனர். மறுபக்கம், சானடோரியத்தில் வசதிகள் இருந்தும், வீட்டு நினைவு தாளாமல் இடையிலேயே வெளியேறியவர்களும் உண்டு.

ஓராண்டு முடிந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆறு பேர் வேறுபாடு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லா வசதிகளும் ஒரு தட்டில், எந்த வசதியும் இல்லாத குடிசை மறு தட்டில் என்று நிறுத்திப் பார்த்தபோது, தராசு எதிர்பார்த்த அளவுக்குச் சாயவில்லை. 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இம்முடிவு வெளியாயிற்று. பிறகு ஐந்தாண்டுகள் வரை இந்நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தும் இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு தோன்றவில்லை.

பிள்ளைகளுக்குத் தொற்றுமே என்ற அச்சம்? குடும்பத்தினரையும் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில், அவரைப் பிரித்து அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமாக நோய் உண்டாகவில்லை. இதற்குக் காரணம் எளிது. நோய் இன்னதென்று தெரியாமல் நோயாளி வீட்டில் இருமிக்கொண்டிருந்த மாதங்களில்தான் தொற்று பெரும்பாலும் நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் அவர் பரப்பும் ஆற்றல் விரைவில் குறைகிறது. ஆகவே நோயாளியை ஊருக்கு வெளியே அனுப்புவதைக் காட்டிலும், நோயை விரைவில் கண்டுபிடிப்பதே குழந்தைகளுக்குக் காப்பு.

உணவைப் பற்றியும் ஆராய்ந்து 1961 இல் வெளியிட்டனர். சானடோரியத்து நோயாளிகள் நன்றாக உண்டனர். எடையும் அதிகம் கூடினர். ஆயினும் கிருமியை அடக்கியதில் உணவுக்குப் பெரிய பங்கு காணப்படவில்லை. அந்த வேலையை மருந்தே செய்தது.

இதன் விளைவாகச் சானடோரியங்களின் காலம் முடிந்தது. காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சையே போதும் என்பது உலகெங்கும் கொள்கையாயிற்று. ஏழை நாட்டில் கண்டறிந்த உண்மையைப் பணக்கார நாடுகளும் ஏற்றுக்கொண்டது அரிய நிகழ்ச்சி. நம் நாட்டில் பெங்களூரில் 1959 இல் தேசியக் காசநோய்க் கழகம் நிறுவப்பட்டது. 1962 இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. மாவட்டந்தோறும், சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளியைச் சோதித்து மருந்து வழங்குவது அதன் நோக்கம். சேத்துப்பட்டு நிலையமும் வளர்ந்து, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு இருக்கிறது.

மருந்தை ஒழுங்காக உண்பார்களா என்ற மூன்றாவது ஐயத்தை நான் விட்டுவிடவில்லை. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிச்சமிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்று பார்த்தனர். பெரும்பாலோர் உண்டனர், சிலர் தவறவிட்டனர். உடம்பு தேறிய பிறகு கசப்பு மருந்தை விடாமல் உண்பது படித்தவர்க்கும் கடினம். ஆகவே, வாரத்துக்கு இருமுறை நோயாளி வந்து பணியாளர் முன்னிலையில் மருந்து பெறும் முறையையும் இங்கேயே சோதித்து, 1964 இல் வெளியிட்டார்கள். 1990களில் உலகெங்கும் 'டாட்ஸ்' என்ற பெயரில் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இது ஒரு வித்து. இந்தியாவில் 1997 இல் தொடங்கிய திருத்திய திட்டம் இந்த வழியில் நடந்தது. 2017 முதல் தினசரி மருந்து முறை வந்தது.

இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு. சேத்துப்பட்டில் முதலில் நடந்தது என்ன? மருத்துவம் நோயாளியின் வீட்டுக்கு நடந்து சென்றது. பிற்காலத்தில் பல இடங்களில் நடந்தது என்ன? மருந்துக்காக நோயாளி நிலையத்துக்கு நடந்தார். வராவிட்டால் தவறு அவருடையதாக எழுதப்பட்டது. யார் நடக்கிறார் என்பது சிறிய வேறுபாடு அன்று. நடக்கிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது.

நான் ஆசிரியனாக இருந்த ஓர் ஊரில், 1990களின் தொடக்கத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரம் ஒரு நாள் தவறாமல் விடுமுறை எடுத்தாள். வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். தாய்க்குக் காசநோய். அருகிலிருந்த மருத்துவமனையில் மூன்று முறை இருமல் மருந்துப் புட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சளியைச் சோதிக்கவே இல்லை. பிறகு வேறோர் ஊரில் நோய் தெரிந்தது. இரண்டு பேருந்து மாறி அங்கேதான் மருந்து வாங்கினார்கள். உள்ளூரில் வாங்கினால் அக்கம்பக்கம் அறிந்துவிடும், மகளின் திருமணம் தடைப்படும் என்பது அச்சம். தாய் தனியே போக வலுவில்லாததால் மகள் உடன் சென்றாள். "சார், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று அந்த அம்மையார் கைகூப்பியது நினைவிருக்கிறது.

அந்த இருமல் மருந்துப் புட்டிக்கு ஒரு வரலாறு உண்டென்று பிற்பாடு படித்து அறிந்தேன். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் பானர்ஜி, ஆண்டர்சன் என்னும் இருவர் ஆராய்ந்து 1963 இல் வெளியிட்ட கட்டுரையில் அது இருக்கிறது. கிராமத்தார் நோயை உணரமாட்டார்கள், மருத்துவரை நாடமாட்டார்கள் என்பது அன்றைய நகரத்து நம்பிக்கை. அவர்கள் கண்டதோ வேறு. நோயாளிகளுள் ஏறத்தாழ அனைவரும் தம் உடம்பில் ஏதோ கோளாறு என்று உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ நிலையத்தின் வாசலை மிதித்து, இருமல் மருந்தோடு திரும்பியிருந்தனர். வாசல் வரை வந்தவர்களைக் கண்டுகொள்ளாத ஒரு ஏற்பாடு, மக்களுக்கு அறிவு போதவில்லை என்று பிரசாரம் செய்வதில் என்ன நியாயம்?

இனி, உணவுக்கு வருகிறேன். 1961 இன் முடிவு சரியானது. ஆனால் சரியான முடிவையும் தவறாக நீட்டிவிடலாம். கிருமியை அடக்க மருந்து போதும் என்று சேத்துப்பட்டுச் சோதனை காட்டியது. பட்டினியால் தீங்கில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. மருந்தே போதும் என்ற சொல் செலவைக் குறைக்க விரும்பிய ஆட்சிகளின் காதுக்கு இனிமையாக இருந்தது. சோறும் வீடும் கூலியும் மருத்துவத்தின் பேச்சிலிருந்து பல்லாண்டுகள் விலகி நின்றன. க்ஷயம் என்று பெயரிட்ட நம் முன்னோர் கண்ட தேய்வு மறக்கப்பட்டது. உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்தியர் என்னும் இன்றைய நிலைக்கு மருந்துப் பஞ்சம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

மறந்ததை நினைவூட்டிய ஆராய்ச்சி ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 இல் தொடங்கி நடந்தது. சுமார் 2,800 நோயாளிகள். அவர்கள் வீடுகளில் உடன் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. வீட்டாரைப் பொறுத்தவரை, ஊர்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் அவர்களுக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். 2023 இல் முடிவு வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள், பெறாத குடும்பங்களைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 39 பங்கு குறைவு. தடுப்பூசி அன்று, புதிய மாத்திரை அன்று. ரேஷன் கடையில் அளந்து கொடுக்கும் பொருள்கள்.

சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி, நோயாளி எங்கே குணமாவார் என்பது. ஜார்க்கண்டில் கேட்ட கேள்வி, அவர் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை ஏன் நோயாளியாகிறது என்பது. இரண்டு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

தமிழ்நாட்டில் 2022 இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. நோய் தெரிந்த உடனே ஒருவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார், மூச்சு எப்படி இருக்கிறது, நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. வீடே போதும் என்பது பொதுவிதி. எல்லாருக்கும் அன்று என்பதை இது கணக்கில் கொள்கிறது. நோயாளியின் உணவுக்கென்று மத்திய அரசாங்கம் 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். அப்படியென்றால் நாளொன்றுக்கு 33 ரூபாயும் சில்லறையும். அதில் எத்தனை முட்டை, எவ்வளவு பருப்பு வாங்கலாம் என்பதை உங்கள் ஊர் மளிகைக் கடையில் விலை கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கணக்கிட்டுப் பாருங்கள்.